நற்செய்தியைத் தேடி நடந்த மகாராசன்

கிறித்தவ சமயம் நம் மக்களிடையே பரவிய வரலாற்றைப் பேசத் தொடங்கினால், கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் சேரியின் நடுவே நின்று பிரசங்கம் செய்யும் சித்திரமே பலர் மனத்தில் எழுகின்றது. கேட்டவன் யார், கேட்டதை அடுத்த ஊருக்கு எடுத்துச் சென்றவன் யார் என்று எவரும் வினவுவதில்லை. சிலர் இன்னும் ஒருபடி மேற்சென்று, கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மாறியவர்கள் என்று சொந்த உறவினரையே எள்ளுகின்றனர். நம் கொமரலிங்கத்தில் மாரியம்மன் நோம்பி சாட்டும் வீடும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும் வீடும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன. ஆகவே இந்த ஏளனத்திற்கு வரலாறு தரும் விடையை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகின்றோம்.

இன்றைய குமரி மாவட்டத்தில் மயிலாடி என்றோர் ஊர் உள்ளது. அந்நாளில் அது திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அங்கே சாம்பவர் குலத்தில் பிறந்தவர் மகாராசன். சிவபக்தியிற் சிறந்த அவர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தம் சகோதரி மகனை அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். திருநாளைப்போவாரின் வழியில் இன்னொருவர் என்றே சொல்லலாம். எட்டி நின்றேனும் இறைவனைத் தொழவேண்டும் என்ற தாகம் அது. தமிழகத்தின் பெருங்கோயில்களுள் ஒன்றான மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் நம்மவர் காலடி வைத்தது 1939இல்தான் என்பதை நினைத்தால், அந்தத் தாகத்தின் அளவு விளங்கும்.

அந்தப் பயணத்தில்தான் தஞ்சாவூரில் அவர் கிறித்தவ போதனையைக் கேட்டார். சுவார்ட்ஸ் ஐயர் 1798இல் மறைந்தபின் அவருடைய மாணவரான கோலாப் ஐயர் அங்கே ஊழியம் செய்து வந்தார். மகாராசன் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவரை எந்தப் பாதிரியாரும் மயிலாடிக்குத் தேடிச் சென்று அழைத்து வரவில்லை. ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் தொலைவு தாமாக வந்து, கேட்டு, ஏற்று, ஊர் திரும்பினார். திரும்பியபின் முதலில் பேசியது தம் உறவினரிடம். திண்ணையிலும் களத்துமேட்டிலும் ஒருவர்க்கொருவர் பேசுகின்ற பேச்சே அங்கு பிரசங்கம். அவரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. கூடவே ஊராரின் பகையும் சேர்ந்தது. துன்பம் பொறுக்கவியலாத நிலையில் அவர் மீண்டும் தஞ்சைக்கு நடந்தார். தம் மக்களுக்கு ஒரு வழி கேட்டார். அந்த வேண்டுகோளின் பயனாகவே, தரங்கம்பாடியில் வந்திறங்கியிருந்த இலண்டன் மிஷனரி சங்கத்து ரிங்கல்தௌபே, 1806 ஏப்ரல் 25ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருவிதாங்கூர் எல்லைக்குள் நுழைந்து மயிலாடியை அடைந்தார். சபை முன்னே பிறந்தது, பாதிரியார் பின்னே வந்தார். இந்த வரிசையை மாணவர்கள் மறவாதிருக்க வேண்டும்.

1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது, பள்ளிக்கூடமும் தொடங்கியது. நாகர்கோவிலில் இன்றுள்ள ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தன் தோற்றத்தை அந்த 1809ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகின்றது. ரிங்கல்தௌபே விந்தையான மனிதர். தம் சம்பளத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கிழிந்த ஆடையோடு திரிந்தவர் என்பர். ஆயினும் அவருக்கும் ஒரு மனக்குறை இருந்தது. ஊழியமும் தலைவரியும் நீங்கும் என்ற நம்பிக்கையில் பலர் வருகின்றனர் என்று அவர் வருந்தினார்; ஞானஸ்நானம் கொடுப்பதில் மிகவும் தயங்கினார்.

இவ்விடத்தில் நாம் அவரோடு மாறுபடுகின்றோம். கூலியின்றி வேலை வாங்கப்பட்டவன், தலைக்கு வரி கட்டியவன், விடுதலை வேண்டும் என்று ஓரிடத்தை நாடினால் அதில் இழிவு என்ன? வயிறும் முதுகும் நோகாதவனுக்கே ஆன்மாவைத் தனியே பிரித்துப் பேச முடிகின்றது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான். அதற்கு முன்பே, நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் தொடங்கிய பின்னல் வேலைப் பள்ளியில் பயின்ற அடிமைப் பெண்கள் சிலர், தாம் பின்னிய லேசின் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர். விடியற்காலையில் திருப்பூர் பனியன் கம்பெனி வண்டியில் ஏறும் நம் பெண்மக்கள் இச்செய்தியை அறிந்தால் மகிழ்வர்.

1816இல் ரிங்கல்தௌபே உடல்நலம் குன்றி நாட்டைவிட்டுப் புறப்பட்டார். பிறகு அவரைப் பற்றி எச்செய்தியும் கிட்டவில்லை. புறப்படுமுன் சபைகளை அவர் ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடம். 1818இல் மீட் ஐயர் வந்து சேரும்வரை ஏறத்தாழ இரண்டாண்டுகள், ஒரு வெள்ளையரும் இன்றி, சாம்பவர் ஒருவரே அத்தனை சபைகளையும் கட்டிக் காத்தார். மீட் ஐயரின் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். பிற குலத்தாரும் பெருந்தொகையாய் வந்தனர். அந்தப் பெருக்கில் முதலில் நடந்தவரின் பெயர் பின்னுக்குப் போயிற்று.

அதே சங்கத்தைச் சேர்ந்த ஆடிஸ் ஐயர் நாகர்கோவிலிலிருந்து நம் கொங்கு நாட்டுக்கு வந்து, 1830இல் கோயமுத்தூரில் பணி தொடங்கினார். ஆகவே மயிலாடியின் கிளையே நம் பக்கத்திலும் படர்ந்தது எனலாம்.

நன்மை மட்டும் சொல்லி முடித்தல் வரலாறு ஆகாது. நற்செய்தியைப் பகிர்ந்துகொண்டவர்கள் கிண்ணத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. தஞ்சை முதலிய இடங்களில் ஆலயத்தினுள்ளேயே சாதிக்கொரு பக்கம் இருக்கை இருந்தது. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் இவ்வழக்கம் முற்றாக ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டபோது, மேற்குலக் கிறித்தவர் பலர் சபையைவிட்டே விலகினர். தனிக் கல்லறைகள் இன்றும் சில ஊர்களில் உள்ளன.

அரசின் கணக்கும் வேறொரு விதத்தில் கைவிட்டது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை, தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் இருவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது இருவேறு சான்றிதழ்களோடு நிற்பதைத் தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். ஊரில் தேநீர்க் குவளை வேறாய் வைக்கப்பட்ட காலத்தில், குடிப்பவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்று எவனும் கேட்டதில்லை. இவ்வாறு அமையும் என்று வேதமாணிக்கம் எண்ணியிருக்க இடமில்லை. சலுகைக்காக மாறினான் என்று ஏளனம் செய்வோர், மாறியதால் சலுகை இழந்தவன் இன்றும் அச்சமயத்தில் நிலைத்திருப்பதற்கு என்ன விளக்கம் தருவர்?

நம் கழகத்தின் இருபத்தைந்தாண்டு நிறைவில் உறுப்பினரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். இந்தப் பகுதியில் முதன்முதல் நற்செய்தியைக் கேட்டுவந்து தெருவில் சொன்னவர்கள், அதை ஏற்றவர்கள், ஏற்காது குலதெய்வத்தோடு நின்றவர்கள் ஆகியோரைப் பற்றிய நினைவு எழுபது எண்பது வயதுப் பெரியோர் சிலரிடம் மட்டுமே உள்ளது. கழக நூலகத்தில் இதற்கென ஒரு குறிப்பேடு திறந்துள்ளோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள், ஞாயிறு பிற்பகலில் தம் பாட்டன் பாட்டியர் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிவந்து அதில் சேர்க்கவேண்டும்.