மெர்குரஸ் நைட்ரைட்டும் ஒரு பேரேட்டுக் கணக்கும்

நம் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய், நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பாதரசத்தோடு குளிர்ந்த நிலையில் வினைபுரிய விட்டார். மஞ்சள் படிகங்கள் படிந்தன. அதுதான் மெர்குரஸ் நைட்ரைட். 1896-இல் வங்காள ஆசியக் கழக இதழில் வெளியிட்டார்.

இதன் வாய்பாடு எழுதுவது எங்க பேரேடு மாதிரிதான்: நேர்மின்னும் எதிர்மின்னும் பற்று வரவாய் நேராகணும். நைட்ரைட்டுக்கு எதிர்மின் 1. பாதரசத்துக்கு (குறியீடு எச்ஜி) நேர்மின் 1 என வைத்து எச்ஜிஎன்ஓ₂ என்றாலும் கணக்கு நேராகுதே! நானும் அப்படித்தான் நோட்டில் எழுதியிருந்தேன். தப்பு. மெர்குரஸ் அயனியில் இரண்டு பாதரச அணுக்கள் சோடியாகப் பிணைந்து, சேர்ந்தே நேர்மின் 2 சுமக்கின்றன. ஆகவே எச்ஜி₂(என்ஓ₂)₂, 2-ஐ அடித்துச் சுருக்கக் கூடாது. கலோமலும் இதே இனந்தான்: எச்ஜி₂சிஎல்₂.