மரை இல்லாத ஊரில் முதல் வேட்டை

இலங்கையில் எல்க் என்ற மிருகம் இல்லை. ஆனால் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் எல்க் பிளெயின்ஸ் என்று ஒரு இடம் இருக்கு. 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக்கு வந்த வெள்ளைக்காரர் எங்கட மரையைப் பார்த்து, தங்கட பக்கத்துப் பெரிய மானின் பேரை அதுக்கு வைத்துவிட்டார்கள். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை விட்டு மரையைத் துரத்தி, கடைசியில் கத்தியால் குத்திக் கொன்ற கதைகளை 1850களில் புத்தகமாகவே எழுதி வைத்தார். மிருகத்தின் பேர்தான் பிழை. மற்றபடி எந்த மலை, எந்த ஆறு, நாயின் பேர் என்ன என்பதெல்லாம் அச்சில் இருக்கு. வன்னிக்காட்டில் தகப்பனோடு மரைக்குப் போன எங்கட ஆக்களின் கதை அப்படி அச்சேறினதை நான் கண்டதில்லை.

உண்மையான எல்க் இருக்கிற வட அமெரிக்காவில் தகப்பன் தன் பிள்ளையை முதன்முதலாக மலைக்குக் கூட்டிக்கொண்டு போவது ஒரு சடங்கு மாதிரி. கொலராடோவில் 12 வயதானால் பெரிய மிருக வேட்டைக்கு அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். அதுக்கு முதல் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றும் முடிக்கவேணும். விடியமுதல் எழும்புவது, காத்துத் திசை பார்ப்பது, மணிக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பது, இதெல்லாம் பிள்ளை படிக்கிற பாடங்கள். இதை வாசித்தபோது எனக்கு மயிலிட்டிதான் ஞாபகம் வந்தது. மலையே இல்லாத குடாநாட்டில், பேரில் மட்டும் மலை இருக்கிற கீரிமலைக்குக் கொஞ்சம் கிழக்காலே, காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் இருக்கிற கரை ஊர். அங்கேயும் தகப்பன் மகனைக் கூட்டிக்கொண்டுதான் போனார். ஆனால் 'வேட்டை' என்ற சொல்லை ஒருத்தரும் சொல்லமாட்டினம். 'தொழிலுக்குப் போறது' என்றுதான் சொல்லுவினம்.

1950களின் பிற்பகுதியில் வந்த 28 அடி, மூன்றரைத் தொன் போட்டுகள்தான் மயிலிட்டியை மாற்றின. அதுக்கு முதல் கட்டுமரமும் வள்ளமும் பாயும் துடுப்பும். எஞ்சின் போட் வந்த பிறகு கரை மறையிற தூரத்துக்குப் போய், இரவு முழுக்க வலையோடு மிதந்து, விடியத் திரும்ப முடிந்தது. பருத்தி நூல் வலை போய் நைலோன் வலை வந்தது. இலங்கையின் மீனில் மூன்றில் ஒரு பங்கு எங்கட துறையில்தான் இறங்கினது என்று மயிலிட்டி ஆக்கள் பெருமையாகச் சொல்லுவினம். வரலாறு படிக்கிற எனக்கு அந்தக் கணக்கை அப்படியே எழுதக் கை வரவில்லை. ஆனால் ஒரு ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்று அதில் தெரியுது.

முதல் நாள் எப்படி இருந்தது என்று, 1970களில் தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கிய ஒரு உறவுக்கார ஐயாவிடம் கேட்டேன். அவருக்கு அப்போது 14 வயது. சித்திரை கழிந்து சோளகம் தொடங்கின காலம். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகத்தை நிலம் மறைப்பதால் வடக்குக் கடல் அந்த மாதங்களில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் நேர்மாறு. அதால் பொடியன்களை முதன்முதலாக ஏத்துகிறது எப்பவும் சோளகத்தில்தான். பின்னேரம் நாலு மணிக்குப் போட் வெளிக்கிட்டது. போட் சம்மாட்டியாருடையது, தகப்பன் அதில் பங்குக்குப் போகிற ஆள்.

"ஏறேக்க ஐயா ஒண்டுமே சொல்லேல்ல தம்பி. காங்கேசன்துறை வெளிச்சவீட்டைக் காட்டி, அது எந்தப் பக்கம் நிக்குதெண்டு பாத்துக்கொண்டு வா எண்டார். அவ்வளவுதான்."

அதுதான் முதல் பாடம். போகப்போக வெளிச்சவீடு எப்படி நகருது, எந்தப் பனைக்கூட்டத்துக்கு நேரே வருது, எப்ப மறையுது என்று பொடியன் பார்த்துக்கொண்டிருக்க வேணும். திரும்பி வரும்போது அதே கணக்கைத் தலைகீழாகப் போடவேணும். இருட்டினதும் வலை போட்டார்கள். போட்டுக்குள் ஊறுகிற தண்ணியை இறைப்பதும் கயிறு சுத்தி வைப்பதும் தேத்தண்ணி கொடுப்பதும்தான் அவரின் வேலை. நடுச்சாமத்தில் சத்தி எடுக்கத் தொடங்கி, விடியும்வரை நிற்கவில்லை. பெரிய ஆக்கள் சிரித்தார்கள். தகப்பன் சிரிக்கவில்லை, பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கீழ பாக்காத, தூரப் பார்" என்று மட்டும் சொன்னாராம்.

விடிவெள்ளி கிளம்ப முதல் வலை இழுத்தார்கள். அறக்குளா, பாரை, ஒரு சுறா. சுறா போட்டுக்குள் விழுந்து அடித்தபோது, தான் ஓடிப்போய் அணியத்தில் ஒட்டிக்கொண்டு நின்றதை ஐயா இப்பவும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். கரைக்கு வந்த பிறகு அவருக்குக் கிடைத்தது அரைப்பங்குகூட இல்லை, கறிக்கு ஒரு மீனும் கொஞ்சக் காசும். காசைத் தகப்பன் தாயிடம் கொடுக்கச் சொன்னார். தாய் அதில் ஒரு நாணயத்தை எடுத்துக் கண்ணகை அம்மனுக்கு முடிந்து வைத்தார். கத்தோலிக்க வீடாக இருந்திருந்தால் அது காணிக்கை மாதா கோயிலுக்குப் போயிருக்கும்.

மகள்மாரை இப்படிக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்களா என்று கேட்டேன். ஐயா என்னை விசித்திரமாகப் பார்த்தார். வலையில் மீன் கழற்றுவது, கருவாடு போடுவது, கடகத்தில் சுமந்து உள்ளூர்களுக்கு விற்கப் போவது எல்லாம் பெண்கள் செய்தார்கள். அதுக்குள்ளும் தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு முதல் நாள் இருந்திருக்கும். குறுந்தொகை 269ஆம் பாட்டில் பேசுகிற பெண்ணின் தகப்பன், சுறா தாக்கின புண் ஆறினதும் திரும்பக் கடலுக்குப் போய்விடுகிறான். தாய் உப்பு மாற்றி நெல்லு வாங்கப் போய்விடுகிறாள். வீட்டில் மிஞ்சினது அந்தப் பெண்தான். நெய்தல் பாட்டுகளை அழகுக்காக மட்டும் படிப்பிக்கிற எங்கட வகுப்புகளில் இந்த வீட்டுக் கணக்கை ஒருத்தரும் கவனிப்பதில்லை என்பது என்ர தனிப்பட்ட கோபம். அது கிடக்கட்டும்.

1980களின் நடுப்பகுதியிலேயே கடற்படைக் கட்டுப்பாடுகளால் இரவுத் தொழில் முடங்கத் தொடங்கியது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது, பலாலிப் படைத்தளத்தைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்கள் ஒரேயடியாக வெளிக்கிட்டன. மயிலிட்டியும் வெளிக்கிட்டது. ஒரு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்துப் போட்டையும் வலையையும் விட்டுப் போனவர்கள் இருந்தார்கள். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். துறை மக்கள் கைக்குத் திரும்பி வந்தது 2017 ஜூலை 3ஆம் திகதி, 54 ஏக்கர் காணியோடு. 27 வருசம்.

அந்த 27ஐ இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கோ. 1990இல் 14 வயதில் முதல் நாளுக்குக் காத்திருந்த பொடியன், துறை திறக்கும்போது 41 வயது மனுசன். அவருடைய பிள்ளை கோணாப்புலத்திலோ மல்லாகத்திலோ நலன்புரி முகாமில் பிறந்து வளர்ந்தது. முகாமிலிருந்து கடல் ஒன்றும் பெரிய தூரமில்லை, ஆனால் அது தங்கட கரை இல்லை. தொழிலை விடாதவர்கள் பருத்தித்துறைப் பக்கம் போய் மற்றவர்களின் போட்டில் கூலிக்கு ஏறினார்கள். கூலிக்குப் போகிற போட்டில் தன் மகனையும் ஏத்தச் சொல்லிக் கேட்பது லேசான காரியமில்லை. மிச்சப் பேர் மேசன் வேலைக்கும் கடைக்கும் போனார்கள், ஏலுமானவர்கள் வெளிநாட்டுக்குப் போனார்கள்.

காணி விடுவிப்பை ஏக்கரில்தான் எழுதுகிறோம். பத்திரிகையும் அறிக்கையும் அப்படித்தான். ஆனால் வெளிச்சவீடு எந்தப் பனைக்கு நேரே வந்தால் கீழே பார் இருக்குது என்ற அறிவு எந்த ஏக்கரிலும் இல்லை. அது ஒரு தகப்பன் பின்னேரம் நாலு மணிக்குச் சொல்கிற ஒரு வசனத்தில் இருந்தது. அந்தப் பனைகள் பலதும் இப்போது இல்லை. போதாக்குறைக்கு ஜிபிஎஸ் வந்திட்டுது, பனை என்னத்துக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லும். சோளகம் எப்ப முறியும் என்பதைச் சொல்லாது.

இன்னொன்று. துறை திரும்பக் கிடைத்த அதே கிழமை, 2017 ஜூலை 6ஆம் திகதி, அடிமடி இழுவைத் தொழிலைத் தடை செய்கிற சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 27 வருசமாக இங்கத்தைய ஆக்கள் போகாத கடலில் அக்கரை இழுவைப்படகுகள் மடியை இழுத்துக்கொண்டிருந்தன. அந்தப் படகுகளில் இருப்பவர்களும் தமிழ் பேசுகிற கூலித் தொழிலாளிகள் என்பதால் இதை எழுதுவது எங்களுக்குச் சங்கடம். ஆனால் இழுவை மடி போன இடத்தில் மிஞ்சுகிறது என்ன என்பதில் சங்கடத்துக்கு இடமில்லை. இரவு வலை போட்டவர் விடிய அறுந்த துண்டைத்தான் இழுக்கிறார். பிடிபட்ட இழுவைப்படகுகளில் பல இன்று மயிலிட்டித் துறையிலேயே கட்டிக் கிடக்கின்றன. போட் கட்ட இடம் காணாது என்று ஊர் ஆக்கள் முறைப்படுவது அதாலேயும்தான்.

2019 ஓகஸ்டில் திருத்தின துறைமுகத்தின் முதல் கட்டம் திறக்கப்பட்டது, 2025 செப்டெம்பரில் மூன்றாம் கட்ட வேலை தொடங்கியது. ஐயாவின் பேரனுக்கு இந்த வருசம் ஓஎல் சோதனை. சோதனை முடிய, சோளகத்தில் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போவதாகப் பேரனின் தகப்பன் சொல்லியிருக்கிறார். அந்தத் தகப்பனுக்குத் தன் தகப்பனோடு அப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை, கடல் தொழிலை அவர் பொலிகண்டியில் வேறு ஆக்களிடம்தான் பழகினார். அதால் ஐயாவும் போட்டில் வருவாராம். வயது 60ஐத் தாண்டியாச்சு, தண்ணி இறைக்கிற வேலை தனக்கு என்று சொல்லிவிட்டார்.