ஆள் உள்ளே, கல்லூரி வெளியே: சி.ஐ.ஏ.ஏ. என்ற சின்னக் கல்லூரி லீக்கின் கதை

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் என்றதும் டியூக், நார்த் கரோலினா, கென்டக்கி மாதிரி பெரிய பல்கலைக்கழகங்களின் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும். அதே மாநிலங்களில், சில சமயம் ஒரே ஊரின் இன்னொரு பக்கத்தில், சின்னச் சின்னக் கல்லூரிகள் தங்களுக்குள் தனியாக ஒரு லீக் வைத்து ஆடிக்கொண்டிருந்தன. சி.ஐ.ஏ.ஏ. என்று பெயர். அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகளின் விளையாட்டு அமைப்புகளில் மிகப் பழையது. கொஞ்ச காலமாக அதன் கதையைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாசிக்க வாசிக்க ஒரு கேள்வி வந்தது. ஒதுக்கிவைத்த காலத்தில் அவ்வளவு செழிப்பாக வளர்ந்த லீக், கதவு திறந்த பிறகு ஏன் இளைத்தது? எனக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடலாம். அமெரிக்காவில் 'கான்ஃபரன்ஸ்' என்றால் மாநாடு இல்லை. பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் உள்ள, ஏறக்குறைய ஒரே அளவுள்ள கல்லூரிகள் சேர்ந்து, "வருஷா வருஷம் நாம ஒருத்தரோட ஒருத்தர் ஆடுவோம், இதுதான் விதி, இவர்தான் நடுவர், இப்படித்தான் சாம்பியனை முடிவு செய்வோம்" என்று செய்துகொள்ளும் ஒப்பந்தம். நம்ம ஊர் கிரிக்கெட் டிவிஷன் லீக்கை மனசில் வைத்துக்கொண்டால் போதும். வெளியாட்களுடன் ஆடும் ஆட்டங்கள் வேறு கணக்கு. கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் வேறு கணக்கு. ஒரு சின்னக் கல்லூரிக்கு சீசனின் உயிரே இந்த ஆட்டங்கள்தான். எதிரணி யார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், போன வருஷம் தோற்ற கதையும் யாருக்கும் மறந்திருக்காது.

சி.ஐ.ஏ.ஏ. தொடங்கியது 1912இல், வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் இன்ஸ்டிட்யூட்டில். ஹாம்ப்டன், ஹோவர்டு, லிங்கன், ஷா, வர்ஜீனியா யூனியன் என்று ஐந்து கல்லூரிகள். அன்றைய பெயர் 'கலர்டு இன்டர்காலேஜியேட் அத்லெட்டிக் அசோசியேஷன்'. 1950இல்தான் 'கலர்டு' போய் 'சென்ட்ரல்' வந்தது. யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது, நடுவர் யார் என்பதற்கெல்லாம் ஒழுங்கான விதி வேண்டும் என்பதற்காக அமைந்த சங்கம் இது. வெள்ளையர் கல்லூரிகளின் அமைப்புகள் இவர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம். ஆகவே, தங்கள் வெற்றி தோல்வியைத் தாங்களே எண்ணி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கான்ஃபரன்ஸ் என்பது வெறும் அட்டவணை இல்லை என்று எனக்கு உறைத்தது இங்கேதான். நீ ஜெயித்தாய் என்று பதிவேட்டில் எழுத ஆள் வேண்டுமே, அதுதான் கான்ஃபரன்ஸ்.

தென்மாநிலங்களில் ஓர் ஆட்டத்துக்குப் பயணம் போவதே பெரிய பாடு. வழியில் ஓட்டல்களில் இடம் கிடையாது, சாப்பாட்டுக் கடைகளில் முன்வாசல் வழியே நுழைய முடியாது. அதனால் எதிரணிக் கல்லூரியின் விடுதியில்தான் தூங்க வேண்டும், அவர்கள் மெஸ்ஸில்தான் சாப்பிட வேண்டும். ராத்திரி யாரை எதிர்த்து ஆடினார்களோ, காலையில் அவர்களுடனேயே உட்கார்ந்து நாஷ்டா. பெரிய லீக்குகளில் பார்க்க முடியாத ஒரு நெருக்கம் இதில் இருந்தது. அந்த நெருக்கத்துக்கு ஓர் அவமானம்தான் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த லீக்கின் மையமான ஆள் ஜான் மெக்லெண்டன். 1915இல் கான்சஸ் மாநிலத்தில் ஹையவாதா என்ற ஊரில் பிறந்தவர். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், அதாவது 1891இல் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தவரே. ஆனால் மெக்லெண்டன் அங்கே பல்கலைக்கழக அணியில் ஆட முடியவில்லை. கறுப்பின மாணவருக்கு அணியில் இடமில்லை, அவ்வளவுதான். விளையாட்டைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் கேட்ட மாணவர் காலரியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதை முதல் தடவை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

1940இல் அவர் டர்ஹம் நகரில் இருந்த 'நார்த் கரோலினா காலேஜ் ஃபார் நீக்ரோஸ்' அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அன்றைக்கு நாட்டில் பெரும்பாலான அணிகள் ஆடியது நிதானமான ஆட்டம். பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்து, நல்ல வாய்ப்பு வரும்வரை காத்திருப்பார்கள். மெக்லெண்டன் இதைத் திருப்பிப் போட்டார். பந்து கைக்கு வந்த நொடியில் எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். பந்து போய்விட்டால் ஆடுகளம் முழுக்க எதிரியை விரட்ட வேண்டும். 'ஃபாஸ்ட் பிரேக்' என்று இன்று சொல்கிற ஆட்டம். அதை ஒரு முழு முறையாக வகுத்தவர்களில் அவர் முக்கியமானவர், பின்னால் 1965இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். மூச்சு வாங்காமல் ஓடத் தெரிந்த அணிக்கு உயரமான ஆள் கட்டாயம் இல்லை, பெரிய பணமும் தேவையில்லை. சின்னக் கல்லூரிக்கு ஏற்ற ஆயுதம்.

அந்த ஆயுதம் வெளியே எவ்வளவு செல்லும் என்று ஒரே ஒரு தடவை பார்த்தார்கள், அதுவும் ரகசியமாக. அதே டர்ஹமில் டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஓர் அணி வைத்திருந்தார்கள். வேறு வேறு கல்லூரிகளில் ஏற்கெனவே ஆடிப் பழகிய வெள்ளைக்கார இளைஞர்கள். 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்க்காரர்கள் சர்ச்சில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அவர்கள் சுற்றுவழியில் கார் ஓட்டி மெக்லெண்டனின் கல்லூரி ஜிம்முக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே வந்ததும் கதவைப் பூட்டியாயிற்று. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. நார்த் கரோலினா காலேஜ் 88, டியூக் மருத்துவ மாணவர்கள் 44. சரியாக இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. இரண்டு அணிகளையும் கலந்து, ஒரு பக்கம் சட்டையோடும் மறுபக்கம் சட்டையில்லாமலும் இன்னொரு ஆட்டம் ஆடினார்கள்.

விஷயம் தெரிந்த ஒரு கறுப்பினப் பத்திரிகையாளர் எழுதாமல் விட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1996இல் ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்றாய்வாளர் எழுதியபோதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஒரு பாஸ்கெட்பால் ஆட்டத்துக்கு இவ்வளவு பயமா என்று தோன்றலாம். அதே 1944 ஜூலையில், அதே டர்ஹமில், பஸ்ஸில் பின்னால் போய் உட்காருவது பற்றி வந்த தகராறில் புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பின ராணுவ வீரரை பஸ் டிரைவர் சுட்டுக் கொன்றார். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அந்த டிரைவரை விடுதலை செய்தது. கதவைப் பூட்டிக்கொண்டு ஏன் ஆடினார்கள் என்பது இப்போது புரியும்.

அந்த 88-44 எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. எண்ணிக்கையில் வந்ததெல்லாம் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள்தான். 1946இல் மெக்லெண்டனும் வேறு சில பயிற்சியாளர்களும் சேர்ந்து சீசன் முடிவில் ஒரு டோர்னமென்ட் நடத்தத் தொடங்கினார்கள். இடம் வாஷிங்டனில் டர்னர்ஸ் அரீனா, மல்யுத்தப் போட்டிகளுக்குப் பேர்போன அரங்கம். முதல் இறுதிப் போட்டியில் மெக்லெண்டனின் அணி வர்ஜீனியா யூனியனை மூன்று கூடுதல் நேரம் ஆடி ஜெயித்தது. அடுத்து 1948லும் 1949லும் வெஸ்ட் வர்ஜீனியா ஸ்டேட் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் இருந்த ஏர்ல் லாய்டுதான் 1950 அக்டோபர் 31 அன்று என்.பி.ஏ. ஆட்டத்தில் இறங்கிய முதல் கறுப்பின வீரர். மெக்லெண்டனின் கல்லூரியில் ஆடிய சாம் ஜோன்ஸை 1957இல் பாஸ்டன் செல்டிக்ஸ் எடுத்தபோது, அதன் பயிற்சியாளர் ரெட் அவர்பாக் அவர் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வேறொருவர் சொன்னதை நம்பி எடுத்தார். அந்த சாம் ஜோன்ஸ் பிறகு பத்து என்.பி.ஏ. பட்டங்கள் ஜெயித்தார். இப்படிப்பட்டவர்கள் ஆடிக்கொண்டிருந்த லீக்கை வெளியே இருந்து எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

மெக்லெண்டனுக்கு இது போதவில்லை. எங்கள் கல்லூரிகளும் தேசியப் போட்டியில் ஆட வேண்டும் என்று சக பயிற்சியாளர்களுடன் சேர்ந்து பல வருஷம் போராடினார். சின்னக் கல்லூரிகளுக்கான தேசிய டோர்னமென்ட் 1937இல் இருந்தே கான்சஸ் சிட்டியில் நடந்துவந்தது. 1948இல்தான் அதில் கறுப்பின வீரர்களுக்கு இருந்த தடை நீங்கியது. அந்த வருஷம் இண்டியானா ஸ்டேட் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் ஆடினார். பயிற்சியாளர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜான் வுடன். ஆனால் அது வெள்ளையர் கல்லூரியில் படித்த ஒரே ஒரு ஆள். கறுப்பினக் கல்லூரிகள் கல்லூரிகளாகவே உள்ளே வர 1953 ஆயிற்று. அதற்குள் அந்த அமைப்பின் பெயர் என்.ஏ.ஐ.ஏ. என்று மாறியிருந்தது. 1954இல் மெக்லெண்டன் நாஷ்வில்லின் டென்னஸி ஏ அண்ட் ஐ கல்லூரிக்குப் போனார். கான்சஸ் சிட்டிக்கு வர வேண்டுமானால் மற்ற அணிகளைப்போல எங்கள் பையன்களும் நகர மையத்து ஓட்டலில்தான் தங்குவார்கள் என்று நிபந்தனை போட்டார். 1957, 1958, 1959 என்று மூன்று வருஷம் வரிசையாகத் தேசியப் பட்டம். கல்லூரிப் பயிற்சியாளர் யாரும் அதற்கு முன் செய்யாத சாதனை.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மெக்லெண்டன் கேட்டது "எங்கள் கல்லூரியைச் சேர்த்துக்கொள்" என்பதை. பெரிய பல்கலைக்கழகங்கள் பின்னால் செய்தது "உங்கள் ஆளை அனுப்பு" என்பதை. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனா ஒன்று இல்லை.

1966-67 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். சி.ஐ.ஏ.ஏ.வின் வின்ஸ்டன்-சேலம் ஸ்டேட் அணி. பயிற்சியாளர் கிளாரன்ஸ் கெய்ன்ஸ். ஆள் வாட்டசாட்டம், அதனால் 'பிக் ஹவுஸ்' என்று பட்டப்பெயர். அவரிடம் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த ஏர்ல் மன்ரோ. அந்த சீசனில் மன்ரோவின் சராசரி ஆட்டத்துக்கு 41.5 புள்ளி. அணி 31 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. என்.சி.ஏ.ஏ.வின் சின்னக் கல்லூரிப் பிரிவு இறுதிப் போட்டியில் சவுத்வெஸ்ட் மிசௌரி ஸ்டேட்டை 77-74 என்று வென்றார்கள். என்.சி.ஏ.ஏ. பாஸ்கெட்பால் பட்டம் வென்ற முதல் கறுப்பினக் கல்லூரி அதுதான். லீக்கின் உச்சம் என்று இந்த வருஷத்தைத்தான் சொல்வேன்.

அதே சீசனில், அதே மாநிலத்தில், சேப்பல் ஹில்லின் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் சார்லி ஸ்காட் முதலாமாண்டு மாணவராகச் சேர்ந்திருந்தார். விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் அங்கே வந்த முதல் கறுப்பின வீரர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1966 மார்ச்சில், முதல் ஐவரும் கறுப்பின வீரர்களாக இறங்கிய டெக்சஸ் வெஸ்டர்ன், கென்டக்கியைத் தேசிய இறுதிப் போட்டியில் தோற்கடித்திருந்தது. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மன்ரோ மாதிரி ஒரு பையன் இனி வின்ஸ்டன்-சேலத்துக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. பெரிய அரங்கம், டெலிவிஷன் எல்லாம் இருக்கிற இடத்துக்கே போகலாம். போனார்கள். 1970இல் உறுப்பினர்களில் ஹோவர்டு, மோர்கன் ஸ்டேட், நார்த் கரோலினா ஏ அண்ட் டி உட்பட சில கல்லூரிகளும் விலகிப்போய் வேறொரு கான்ஃபரன்ஸ் அமைத்தன. மெக்லெண்டனின் பழைய கல்லூரியும் அதில் ஒன்று.

போன பையன்களைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. நல்ல படிப்பும் பெரிய மேடையும் கிடைக்கிறபோது, "லீக்குக்காக இங்கேயே இரு" என்று ஒருத்தரிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஒதுக்கிவைத்த காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடுவதும் தப்பு. அந்தச் செழிப்புக்கு விலை கொடுத்தவர்கள் ஓட்டல் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஆனால் திறமையை எடுத்துக்கொண்டவர்கள், அதை வளர்த்த நிறுவனங்களைத் தங்களுக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆடுகிறவருக்கு வேறு இடம் கிடைத்தது. பயிற்சியாளருக்கும், நடுவருக்கும், அந்தக் கல்லூரி ஜிம்முக்கும் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. லீக் இளைத்ததற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

மெக்லெண்டனுக்கே நடந்ததைப் பாருங்க. 1979இல் நெய்ஸ்மித் பெயரிலான புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தார்கள், ஆனால் விளையாட்டுக்குப் பங்களித்தவர் என்ற வகையில். பயிற்சியாளர் என்ற வகையில் சேர்த்தது 2016இல். அவர் 1999லேயே காலமாகிவிட்டார்.

லீக் இன்னும் இருக்கிறது. இப்போது என்.சி.ஏ.ஏ.வின் இரண்டாம் டிவிஷனில். 1990களில்கூட வர்ஜீனியா யூனியனில் ஆடிய பென் வாலஸை என்.பி.ஏ. டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. அவர் 2021இல் புகழ்மன்றத்துக்குப் போனார். பழைய டோர்னமென்ட் பல ஊர் சுற்றி, சார்லட்டில் பல வருஷம் நடந்து, 2022இல் பால்டிமோருக்குப் போயிருக்கிறது. அந்த வாரம் வந்து கூடுகிறவர்களில் பாதிப்பேர் ஆட்டம் பார்க்கவே வருவதில்லை என்பார்கள். பழைய மாணவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று திருவிழாக் கூட்டம். அரங்கத்துக்குள் அன்றைக்கு ஆடுகிற பையன்களில் பலருக்கு என்.பி.ஏ. வாய்ப்பு கிடையாது. ஆனாலும் யார் ஜெயித்தார்கள் என்று எழுதி வைக்க 1912இல் ஏற்படுத்திய பதிவேடு இன்னும் மூடப்படவில்லை.

இந்தக் கதைக்கு முந்தைய அத்தியாயம் ஒன்று இருக்கிறது. 1904இல் ஹார்வர்டு கோடைகால வகுப்பில் பாஸ்கெட்பால் கற்றுக்கொண்டு வந்து, வாஷிங்டனின் கறுப்பினப் பள்ளிகளில் அதைப் பரப்பிய எட்வின் ஹென்டர்சன். அடுத்து அவரைப் பற்றி எழுதலாம்னு இருக்கேன்.