ஹைதராபாத்தும் ஒரு யந்திர வம்சமும்

1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இந்திய ராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் புகுந்து, ஐந்தே நாட்களில் நிஜாமின் ஆட்சிக்கு முடிவு கட்டியது என்பது எல்லோரும் அறிந்த சரித்திரம். அதே ஆண்டில் இத்தாலியின் கடற்கரை நகரமான சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் பந்தயத்தில், ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட் என்னும் புதிய மோட்டார் சைக்கிளை ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றார்கள் என்பது அவ்வளவாக யாரும் அறியாத செய்தி. இவ்விரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தப் பந்தயத்துக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் அதே ஜாதி வண்டி செகந்திராபாத் கன்டோன்மென்டின் சாலைகளில் ஓடத் தொடங்கியது என்பதையும், மலையும் மண்ணும் தாண்டி ஓடுவதற்கென்றே பிறந்த ஒரு யந்திர வம்சத்தின் முதல் சாயல் தக்காணத்துக்கு வந்து சேர்ந்தது அந்த வழியில்தான் என்பதையும் எண்ணிப் பார்த்தால், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்வதில் பிழையில்லை.

இன்று மோட்டோகிராஸ் என்று வழங்கும் பந்தயம் இங்கிலாந்தில் பிறந்தது. ராணுவக் கல்லூரிகளுக்குப் பேர்போன காம்பர்லி என்ற ஊரின் புதர்க்காட்டில், 1924-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி நடந்த ஓட்டத்தையே அதன் ஆதி என்று கொள்கிறார்கள். தடம் என்று ஒன்று இல்லாத இடத்தில், சேற்றிலும் மணலிலும் மேட்டிலும் பள்ளத்திலும் யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்பதே அதன் சட்டம். யுத்தம் முடிந்து 1947-இல் ஹாலந்தில் தேசங்களுக்கிடையே முதல் போட்டி நடந்தபோது பிரிட்டன் வென்றது. 1957-இல் உலக சாம்பியன் பட்டமே ஏற்பட்டுவிட்டது. இந்த வளர்ச்சிக்கு ஓட்டுகிறவர்களின் துணிச்சலைக் காரணமாகச் சொல்வது வழக்கம். என் அபிப்பிராயத்தில் அது பாதி உண்மையே. பின் சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்த வரையில் எந்தச் சூரனும் ஒரு மேட்டிலிருந்து தாவி முதுகெலும்போடு தரையிறங்குவது சாத்தியமில்லை. முன்புறத்தில் எண்ணெயால் தணிக்கப்படும் தொலைநோக்கிக் குழாய் போன்ற ஃபோர்க்கும், பின்புறத்தில் ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மும் வந்த பிறகே அந்தப் பந்தயம் பந்தயமாயிற்று. முன்னதை யுத்த காலத்து மாட்ச்லெஸ் வண்டிகள் தாங்கி வந்தன. பின்னதை 1948-இல் கரடுமுரடான வழிகளில் நிரூபித்துக் காட்டிய வண்டிகளில் முக்கியமானது நமது புல்லட்.

நமது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை சென்னைக்கு வந்தது 1955-இல். எல்லையைக் காவல் காக்க இந்திய ராணுவம் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததை ஒட்டி, மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவி, திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டியது. ராணுவத்தில் எது ஓடுகிறதோ அது செகந்திராபாத்திலும் ஓடும். ஏனென்றால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அது படைவீடாக இருக்கும் ஊர். ராணுவ யந்திரங்களைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. படைப்பிரிவின் பயிற்சி நிலையங்களும் அங்கே திருமலகிரிப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஹைதராபாத்துக்கு யந்திரப் பழக்கம் அதற்கு முன்பே உண்டு. நிஜாமின் ரயில்வே இலாகா 1932-இல் 27 வண்டிகளோடும் 166 ஊழியர்களோடும் பஸ் சர்வீஸ் நடத்தத் தொடங்கியது. அந்தப் பரம்பரையில் வந்த அரசு பஸ்களின் பதிவு எண்ணில் இன்றும் காணப்படும் இசட் எழுத்து, நிஜாமின் தாயார் ஜெஹ்ரா பேகத்தின் ஞாபகார்த்தம் என்று அந்த ஊரார் பெருமையோடு சொல்வார்கள். 1942-இல் தொடங்கிய ஆல்வின் தொழிற்சாலை பஸ்களுக்குக் கூடு கட்டியது, பிறகு குளிர்சாதனப் பெட்டியும் கைக்கடிகாரமும் செய்தது, புஷ்பக் என்ற பெயரில் ஸ்கூட்டர்கூடச் செய்து பார்த்தது. ஆகவே அந்த நகரத்தில் யந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

இங்கேதான் விசித்திரம் தொடங்குகிறது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் மோட்டோகிராஸ் தலைமுறை தலைமுறையாக மாறியபோது, அந்தந்தத் தலைமுறையின் சாலை வண்டி தவறாமல் இந்தியாவுக்கு வந்தது. பந்தய வண்டி மட்டும் வரவே இல்லை. பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் கல்யாணத்துக்கு வந்திருக்க, கூப்பிட வேண்டியவனை மட்டும் யாரும் கூப்பிடாத வீட்டைப்போல் இருந்தது அது. செக்கோஸ்லோவாகியாவின் சி.இஸட். வண்டிகள் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் லேசான உடம்போடு பெரிய பிரிட்டிஷ் வண்டிகளைத் தோற்கடித்தன. பெல்ஜியத்தின் ஜோயல் ராபர்ட் 1964-இல் அதில் 250 சி.சி. பட்டம் வென்றார், கிழக்கு ஜெர்மனியின் பால் ஃபிரீட்ரிக்ஸ் 1966 முதல் மூன்று ஆண்டுகள் 500 சி.சி. பட்டத்தையே கைவசம் வைத்திருந்தார். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவாவோ 1960-களின் ஆரம்பத்தில் மைசூருக்கு வந்து சேர்ந்து, 1973-க்குப் பிறகு யெஸ்டி என்று பெயர் மாறி, கல்லூரி மாணவர்களையும் பால்காரர்களையும் சமமாகச் சுமந்தது. கியர் போடும் லீவரையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கராக மாறிவிடும் அந்த வண்டியின் சூட்சுமத்தை அறியாதவன், தெரு நடுவில் நின்று விழித்த காட்சிகளை அந்தக் காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஜப்பானியர் கதை இன்னும் சுவையானது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் குழாயை வயிறு பெருத்து வால் சிறுத்த வடிவில் அமைத்தால், வெளியேறிய அலை திரும்பி வந்து, எரியாத கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அதனால் சக்தி கணிசமாகக் கூடும். கிழக்கு ஜெர்மனியில் வால்டர் காடன் என்ற எஞ்சினியர் இந்த வித்தையைப் பெரிதும் செம்மைப்படுத்தினார். அவருடைய ஓட்டியான எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் ஸ்வீடனில் பந்தயம் நடந்த சமயத்தில் மேற்கே தப்பி ஓடி, அந்த ரகசியத்தோடு சுஸூக்கியிடம் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் சுஸூக்கிக்குக் கிடைத்தது. 1970-இல் மோட்டோகிராஸ் பட்டத்தையும் அக்கம்பெனி எடுத்துக்கொண்டது, அதுவும் பழைய சி.இஸட். வீரரான ஜோயல் ராபர்ட்டைக் கொண்டே. 1973-இல் யமஹா, பின்புறத்தில் இரண்டு ஷாக் அப்சார்பருக்குப் பதில் ஒன்றே ஒன்றை வைத்து, ஹாக்கன் ஆண்டர்சனுக்கு 250 சி.சி. பட்டம் வாங்கிக் கொடுத்தது. இந்த மோனோ ஷாக் ஹோண்டா யூனிகார்ன் வழியாக நம் சாலைகளுக்கு வந்தது 2004-இல். 31 ஆண்டு இடைவெளி!

நமக்கு 1983-இல் ராஜ்தூத் ஆர்.டி. 350 வந்தது, 1984-இல் ஓசூரிலிருந்து இந்த்-சுஸூக்கி வந்தது, 1985-இல் யமஹாவின் ஆர்.எக்ஸ். 100 வந்தது. இவற்றில் கடைசியாகச் சொன்ன சிறிய வண்டிதான் தென்னிந்தியாவின் மண் தரைப் பந்தயங்களை நெடுங்காலம் ஆண்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், 1953-இல் ஏற்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஆதரவில் பந்தயங்கள் நடந்து வந்தன. தென்னாட்டு மெக்கானிக்குகளுக்கு அதுவே பள்ளிக்கூடம். டி.வி.எஸ். கம்பெனி 1982-இல் தனக்கென்று பந்தயக் குழு அமைத்துக்கொண்டது. மற்றவர்களுக்குக் கம்பெனி கிடையாது. அவர்களுக்கு இருந்தது பட்டறை.

ஹைதராபாத்தில் அந்தப் பட்டறையின் தலைவரை உஸ்தாத் என்பார்கள். பயணத்துக்கென்று செய்த ஒரு வண்டியை மண் தரையில் பாயும் வண்டியாக மாற்றும் பணி, முதலில் கழற்றுவதில் தொடங்கும்: ஹெட்லைட், மட்கார்டு, இண்டிகேட்டர், பக்க ஸ்டாண்டு எல்லாம் போகும். பின் சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் வேகம் குறைந்து இழுப்பு கூடும். தகரத்தைக் கூம்பு கூம்பாக வெட்டிச் சுருட்டி, காஸ் வெல்டிங்கில் ஒட்டி, காடன் கணக்குப் போட்டுச் செய்த அதே சைலன்ஸரை உஸ்தாத் காதால் கேட்டுச் செய்வார். கணக்கு அறியாமல் செய்தார் என்று இளக்காரமாகச் சொல்வதற்கில்லை. நீளம் ஒரு விரல் கூடினால் எந்த வேகத்தில் சக்தி பொங்கும், குறைந்தால் எங்கே பொங்கும் என்பதை அவர் பத்து சைலன்ஸரை வெட்டி ஒட்டி அறிந்தவர்.

அதைவிட நுட்பமான வேலை கார்புரேட்டரில் இருக்கிறது. சென்னை கடல் மட்டத்தில் இருப்பது. ஹைதராபாத்தோ ஏறத்தாழ 1,800 அடி உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் காற்று மெலிவதால், சோழவரத்தில் சரியாக ஓடிய அதே மெயின் ஜெட் இங்கே பெட்ரோலைச் சற்று அதிகமாகப் பாய்ச்சும். மே மாதத்து 40 டிகிரி வெயில் காற்றை இன்னும் மெலியச் செய்யும். ஜெட்டைச் சிறியதாக்கினால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுகிறவன் ஏமாறுவான். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனுக்கு உயிர், கலவை மெலிந்தால் சூடேறிப் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதனால் முழு வேகத்தில் ஓட்டி வந்து, சட்டென்று எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் மூக்கில் பீங்கான் என்ன நிறம் காட்டுகிறது என்று பார்ப்பார்கள். கருத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் ஆபத்து, காபிக்கொட்டை நிறம் வந்தால் உஸ்தாத் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிவரப் பையனை அனுப்புவார்.

நிஜமான மோட்டோகிராஸ் வண்டி, அதாவது அழைக்கப்படாமலே போன அந்த உறவுக்காரன், நம் கடைகளில் விலைக்குக் கிடைக்கத் தொடங்கியது மிகச் சமீபத்தில்தான். கவாஸாகி கம்பெனி கே.எக்ஸ். வரிசையின் 250, 450 வண்டிகளை 2010-களின் இறுதியில் 7 லட்சத்துக்கு மேல் விலை வைத்து விற்க முன்வந்தது. இதற்கிடையே இந்திய ஓட்டிகளும் வளர்ந்திருந்தார்கள்: மோட்டோகிராஸில் பழகிய பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் 2015-இல் டாக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரானார். கேரளத்தின் ஹரித் நோவா 2024-இல் அதே பந்தயத்தில் ராலி-2 பிரிவில் முதலிடம் பெற்றார். 2024-இலேயே புனே, அகமதாபாத், பெங்களூர் நகரங்களின் மைதானங்களில் லாரி லாரியாக மண் கொட்டி சூப்பர்கிராஸ் லீகும் நடத்தினார்கள்.

இந்தப் புதிய மோட்டோகிராஸ் வண்டியின் ஸ்வபாவமோ பழையவற்றுக்கு நேர்மாறு. எடை சுமார் 110 கிலோ. சக்கரங்கள் மேலும் கீழும் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். எஞ்சினில் எண்ணெய் ஒரு லிட்டர் அளவே. கிலோமீட்டர் கணக்கு அதற்குக் கிடையாது, மணிக் கணக்குதான். சில மணி ஓட்டியதும் எண்ணெய் மாற்ற வேண்டும். சில பத்து மணிக்குள் பிஸ்டனையே மாற்ற வேண்டும். வால்வு இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி முறுக்க வேண்டும். ஓட்டுகிறவன் ஏறி உட்கார்ந்ததும் பின்புறம் சுமார் 100 மில்லிமீட்டர் தாழ்ந்தால்தான் ஸ்பிரிங் அவன் எடைக்குப் பொருந்தியது என்று பொருள். இத்தனைக்கும் மேலாக ஏர் ஃபில்டர் இருக்கிறது. தெலங்கானாவின் மேட்டு நிலச் செம்மண், வெயில் காலத்தில் மாவாகப் பொடிந்து எழும் மண். அதற்குள் கலந்திருப்பது கருங்கல் பாறை உதிர்ந்த மணல். பஞ்சு ஃபில்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி, உலர்த்தி, பசையுள்ள எண்ணெயில் பிசைந்து, விளிம்பில் கிரீஸ் தடவி உட்காரவைக்காமல் விட்டால், அந்த மணல் வால்வையும் சிலிண்டரையும் உப்புத்தாள்போல் தேய்த்து, ஒரு மத்தியானத்தில் லட்ச ரூபாய் வேலை வைத்துவிடும். ஆர்.எக்ஸ். 100-இன் காலத்தில் இதே புழுதியில் சிலிண்டரை போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு அடுத்த வாரமே ஓட்டினார்கள். நிக்கல் சிலிகான் கார்பைடு பூச்சுப் பூசிய புதிய சிலிண்டரில் அது நடக்காது, பூச்சை மறுபடி பூச வேண்டும், அல்லது சிலிண்டரையே வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்.

விளக்கும் ஹாரனும் நம்பர் பிளேட்டும் இல்லாத இந்த வண்டியைப் பதிவு செய்யவும் முடியாது, தெருவில் ஓட்டவும் முடியாது. சிறிய லாரியில் ஏற்றி, பெட்ரோல் கேனும் கழுவிய ஃபில்டர்கள் இரண்டு மூன்றும் உஸ்தாதின் டூல் பெட்டியும் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போகிறார்கள். புல்லட்டையும் யெஸ்டியையும் ஓட்டியவர்கள் பழுதானால் மெக்கானிக்கைத் தேடிப் போனார்கள். இவர்களோ மெக்கானிக் வருகிற நாளில்தான் ஓட்டவே கிளம்புகிறார்கள்.