புதிரும் நிதானமும்: மெய்ஞ்ஞானப் பாட்டின் வழியில் சில திரைப்படங்கள்

செர்கேய் பராஜனோவின் 'மாதுளையின் நிறம்' (1969), 18ஆம் நூற்றாண்டு அர்மீனியப் பாணர் சாயத் நோவாவைப் பற்றிய படம். ஆனால் அது அவர் வாழ்க்கையைக் கதையாகச் சொல்வதில்லை. கேமரா ஏறக்குறைய அசைவதே இல்லை. முகங்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. வெள்ளைத் துணியில் மாதுளைச் சாறு கசிகிறது. இளம் கவிஞராகவும் அவர் காதலியாகவும் ஒரே நடிகை, சோஃபிகோ சியாவுரேலி, தோன்றுகிறார். சோவியத் அதிகாரிகள் படத்தின் பெயரை மாற்றினார்கள்; செர்கேய் யுத்கேவிச் அதை மறுபடியும் வெட்டித் தொகுத்தார். முதல் முறை பார்ப்பவருக்குப் பாதிகூட விளங்காது. இருந்தும் எழுந்து போக மனம் வருவதில்லை.

இத்தகைய படங்கள் திரைப்படச் சங்கத்துக்காரர்களின் தனி ருசி என்ற கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. விளங்காததோடு நெடுநேரம் உடனிருக்கும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. மெய்ஞ்ஞானம் பேசும் சித்தர் பாடல்களின் பரிபாஷை எனும் மறைமொழியை அவிழ்க்கத் தெரியாதவர்களே அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறார்கள். அவற்றில் வரும் பாம்பும் குதம்பையும் எதைக் குறிக்கின்றன என்று தெரிந்துகொண்டு யாரும் பாடத் தொடங்குவதில்லை. பாடப் பாட, ஏதோ ஒரு நாள் ஒரு வரி திறக்கிறது, திறக்காமலும் போகலாம். அங்கே புதிரைத் தாங்கி நிற்பது திரும்பத் திரும்பப் பாடுவது. படத்தைப் பாட முடியாது. ஆகவே பாட்டில் திரும்பத் திரும்பப் பாடுவது செய்யும் வேலையைத் திரையில் காட்சியின் நீளம் செய்கிறது என்பதே என் வாதம்.

காட்சியின் நீளத்தோடு உடனிருக்கும் பழக்கமும் நமக்கு உண்டு; அதற்குத் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி வட்டாரத்தைப் பார்க்கலாம். நான் அதை நாடுவது அங்கே நடக்கும் பாரதக் கூத்துக்காக. திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நடக்கும்போது, வேடக்காரர் உயர்ந்த தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். மணிக்கணக்கில் ஆகும். முடிவு எல்லோருக்கும் தெரியும்: பாசுபதம் கிடைக்கும். ஆனாலும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள், மேலிருந்து வீசப்படும் எலுமிச்சைக்கும் விபூதிக்கும் கீழே காத்திருப்பார்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்பு துளியும் இல்லாத காத்திருப்பு இது. ஏறுவதைப் பார்ப்பதுதான் அங்கே நிகழ்வு.

இந்தக் கண்ணோடு ஜி. அரவிந்தனின் 'சிதம்பரம்' (1985) படத்தைப் பார்க்கலாம். சி. வி. ஸ்ரீராமனின் சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்ட அந்த மலையாளப் படம் அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. மலைப் பண்ணையில் வேலை செய்யும் முனியாண்டி, தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து சிவகாமியை மணந்து அழைத்து வருகிறான். பண்ணைக் கண்காணிப்பாளர் சங்கரனுக்கும் அவளுக்கும் உறவு உண்டாகிறது, முனியாண்டி தூக்கிட்டுக்கொள்கிறான். இவ்வளவுதான் கதை. குற்ற உணர்வோடு அலையும் சங்கரன் கடைசியில் சிதம்பரத்துத் தில்லைக் கோயிலுக்கு வருகிறான். செருப்புக் காக்கும் பெண்ணிடம் காசு நீட்டுகிறான். அவள் நிமிர்கிறாள், முகத்தில் வடுவோடு சிவகாமி. பிறகு ஷாஜி என். கருணின் கேமரா கோபுரத்தின் மேல் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கிறது.

மன்னிப்பா, தண்டனையா? படம் சொல்வதில்லை. தில்லைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனாரின் கதை அறிந்த தமிழருக்கு, கோயில் வாசலில் அமர்ந்திருக்கும் அவளே அக்காட்சியின் தலைவி. அந்த உணர்வு ஊறுவதற்கு நேரம் வேண்டும். கோபுரத்தின் மீது கேமரா ஏறும் நேரம் அதற்காகவே தரப்பட்டிருக்கிறது. வெட்டிச் சுருக்கினால் அது வெறும் தற்செயல் சந்திப்பாகிவிடும். இதுவே தரம் பிரிக்கும் அளவுகோலும் ஆகும்: நீளத்தைக் குறைத்தும் பொருள் குறையாத படத்தில் நிதானம் வெறும் பாவனை. விழாக்களுக்கென்று எடுக்கப்படும் படங்கள் பல இந்தச் சோதனையில் தேறா.

என் ஒப்பீட்டுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கூத்துப் பார்ப்பவர் நடுவில் கண்ணயரலாம், பிள்ளைக்குச் சோறூட்டலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். திரையரங்கில் இருப்பவர் இருட்டில் கட்டுண்டிருக்கிறார். மறுப்பு நியாயமானது. ஆனால் அது படத்தின் குறையன்று, திரையிடும் முறையின் குறை. வேறு முறையும் உண்டு: 1984இல் கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா இயக்கம் மக்களிடம் பணம் திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தது, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டவும் செய்தது. 'சிதம்பரம்' படத்தைப் பாப்பாரப்பட்டியில் கூத்து நடப்பது போன்ற திறந்த வெளியில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின், பாய் விரித்து உட்காரும் கூட்டத்துக்குத் திரையிட்டால்தான் என் வாதம் உண்மையான சோதனைக்கு உள்ளாகும்.