பெயரை அடித்துவிட்டால் போதுமா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

ஆசாரிப்பள்ளம் ஆனாலும் திருவனந்தபுரம் ஆனாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நம்மிடம் சில சமயம் ஒரு தாளை நீட்டுவார்கள். “ஒரு ஆராய்ச்சிக்கு உங்க விவரமும் கொஞ்சம் ரத்தமும் வேணும்” என்பார்கள். நாமும் டாக்டர் சொன்னால் சரி என்று கையெழுத்துப் போடுவோம். அந்தத் தாள் நம் கைக்கு வருவதற்கு முன்னால் ‘நெறிமுறைக் குழு’ என்று ஒன்று அதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். இந்தக் குழு எப்படி வந்தது?

நாஜி மருத்துவர்கள் கைதிகள் மேல் நடத்திய கொடுமைகளை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம், 1947-ல் ‘சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது’ என்றது. 1964-ல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவர் சங்கம் விதிகளை எழுதியது. 1975-ல் அவற்றைத் திருத்தியபோது, ஆராய்ச்சியாளரைச் சாராத தனிக் குழு ஒன்று திட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று சேர்த்தார்கள். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-ல் முதல் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஆனால் அது அறிவுரைதான், சட்டம் அல்ல.

அறிவுரை மட்டும் இருந்த அந்தக் காலத்தில் சென்னையில் நடந்ததைப் பாருங்கள். 1986-ல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்கள் உள்ளிட்டோரின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி இருக்கிறது என்று நாடு அறிந்தது அப்போதுதான். அதற்காக அந்த இருவருக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அடுத்த ஆண்டுகளில், தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றம் போனார். 1990-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்ன பிறகே விடுதலை கிடைத்தது.

இங்கே யாரும் கோப்பைத் திருடவில்லை. ‘முடிவு வந்த பிறகு இந்தப் பெண்களுக்கு என்ன ஆகும்?’ என்று முன்கூட்டிக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நெறிமுறைக் குழுவின் வேலையே அந்தக் கேள்வியைக் கேட்பதுதான்.

2000, 2006, 2017 ஆண்டுகளில் வழிகாட்டுதல்கள் விரிவாக வந்தன. 2013 முதல் மருந்துச் சோதனைகளைப் பார்க்கும் குழுக்கள் பதிவு செய்வது கட்டாயமானது. 2019 விதிகளின்படி அப்படிப்பட்ட குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பாதிப் பேராவது வெளியாட்கள். ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆள் கட்டாயம்.

குழு என்ன பார்க்கும்? நோயாளியின் பெயருக்குப் பதிலாக எண் போட்டிருக்கிறதா? எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாகப் பூட்டி வைக்கப்படுமா? யார் யார் பார்ப்பார்கள்? எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? மிச்ச ரத்தத்தை வேறு ஆராய்ச்சிக்கு எடுப்பதானால் மறுபடி அனுமதி வாங்குவார்களா?

நம்ம ஊருக்கு இன்னொரு கேள்வியும் வேண்டும். பெயரை அடித்துவிட்டால் போதுமா?

மணவாளக்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1909-ல் அங்குள்ள மணலில் மோனசைட் இருப்பதை ஜெர்மானியரான ஷோம்பெர்க் கண்டார். அதில் தோரியம் உண்டு; ஆகவே அந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். ஆராய்ச்சியாளர்கள் தேடி வரக்கூடிய இடம். நாளை ஒரு கட்டுரையில் ‘மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துச் சிற்றூர், 42 வயது மீனவர், மூன்று பெண் பிள்ளைகள், பரம்பரை நோய்’ என்று வந்தால்? பெயர் இல்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற யாரைக் கேட்டாலும் வீட்டுப் பேரோடு சொல்லிவிடுவார்கள். அந்த மூன்று பிள்ளைகளின் கல்யாணப் பேச்சும் நின்றுபோகும். சென்னையில் மறைந்துபோகிற விவரம், சின்ன ஊரில் அடையாள அட்டை ஆகிவிடும்.

இதை டெல்லியில் இருக்கும் விஞ்ஞானி அறிய மாட்டார். ஊர் தெரிந்த அந்தச் சாதாரண உறுப்பினர் அறிவார். ‘ஊரையும் தொழிலையும் எடுத்துவிடுங்கள், வயதை 40–50 என்று போடுங்கள்’ என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்கூட, ஆராய்ச்சிக்கு நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கிறது. அதனால் இந்தக் குழுவின் பொறுப்பு கூடத்தான் செய்கிறது.

ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் மருந்து ஏது? கையெழுத்துக்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்: நெறிமுறைக் குழு அனுமதித்ததா? என் பெயரும் ஊரும் எங்கே எழுதப்படும்? படம் எடுப்பீர்களா? இடையில் வேண்டாம் என்றால் விலகலாமா? விலகினாலும் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது. அது உங்கள் உரிமை. தகவல் தாளில் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் இருக்க வேண்டும். அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள்.

என்னைப் போல ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்கும் ஒரு சொல். பக்கத்து மருத்துவக் கல்லூரிக் குழுவில் சாதாரண உறுப்பினராக வரச் சொல்லி யாராவது கூப்பிட்டால், ‘எனக்கு மருத்துவம் தெரியாதே’ என்று தட்டிக் கழிக்காதீர்கள். மருத்துவம் தெரிந்தவர்கள் அங்கே நிறைய இருப்பார்கள். ஊரைத் தெரிந்தவர்தான் வேண்டும்.