கரன்ட் கனெக்‌ஷனே வேணாமா? முதல்ல பேட்டரி கணக்கைப் போடுங்க!

‘மாடியில சோலார் போட்டாச்சு, இனி கரன்ட் கட் கவலையில்லை’னு நினைக்கிறீங்களா? ஒரு நிமிஷம். பேட்டரி இல்லாத ‘ஆன்-கிரிட்’ சோலார், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

மின்வாரிய இணைப்பே இல்லாமல் வாழ ‘ஆஃப்-கிரிட்’ வேண்டும். இதில் ஹீரோ பேனல் இல்லை, பேட்டரிதான். நம்ம ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதை இரவுக்குச் சேமிக்கணுமே? 12 வோல்ட், 150 ஏ.ஹெச் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட். அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக, கைக்குக் கிடைப்பது 0.9 யூனிட்தான். லித்தியம் பேட்டரியில் 80% வரை எடுக்கலாம். ஆனால் விலை அதிகம்.

அதனால், முதலில் செலவைக் குறைங்க. 75 வாட் ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் 0.75 யூனிட், 30 வாட் பி.எல்.டி.சி ஃபேனுக்கு 0.3 யூனிட் போதும். கிரைண்டர், வாஷிங் மெஷின் வேலையையெல்லாம் பகல் வெயிலிலேயே முடிச்சிடுங்க.

இன்னொரு விஷயம்... ‘பி.எம் சூர்ய கர்’ மானியம் கிரிட்டோடு இணைந்த சோலாருக்குத்தான். ஐப்பசி அடைமழையில் ரெண்டு நாள் வெயிலே வரலைன்னா? அந்தக் கணக்கையும் போட்டுட்டு, அப்புறமா கரன்ட் கனெக்‌ஷனுக்கு டாட்டா சொல்லுங்க!